நிவாரணம் இழப்பீடு ஆகாது

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் ஊர்களில் வெடியோசை கேட்டதும் மக்கள் வானத்தை நோக்குகின்றனர். புகை எழும் திசையைக் கண்டு, அத்திசையில் உள்ள பட்டாசு ஆலை எது, அன்று காலை அந்த ஆலை வண்டியில் ஏறிச் சென்றவர் யார் யார் என்று எண்ணுகின்றனர். எண்ணி முடிப்பதற்குள் கால்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் அவ்வாறு ஓடியவருள் பலர் வீடு திரும்பவில்லை. முதல் வெடிப்பைக் கண்டு உதவச் சென்றோரை அடுத்த வெடிப்புகள் பலிகொண்டன. ஏறத்தாழ 40 உயிர்கள் அன்று மடிந்தன.

2021 பிப்ரவரி 12இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023 அக்டோபர் 17இல் சிவகாசியை அடுத்த ரெங்கபாளையத்தில் இறந்தவருள் பெரும்பாலோர் பெண்கள். 2024 மே 9இல் செங்கமலப்பட்டியில் 10 பேர். 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டியில் முதல்நாள் எண்ணிய எண்ணிக்கை மருத்துவமனையில் நாள்தோறும் ஏறியது. இவை நாளேடுகளின் முதற்பக்கத்துக்கு வந்தவை. இடையிடையே ஓர் உயிர், ஈருயிர் என்று போனவை மாவட்டப் பக்கத்தின் ஓரத்தில் நான்கு வரியாக வந்து மறைந்தன.

ஒவ்வொரு வெடிப்புக்குப் பின்னும் சில செயல்கள் முறை தவறாமல் நடைபெறுகின்றன. முதலமைச்சர் இரங்கல் தெரிவிக்கிறார். பொது நிவாரண நிதியிலிருந்து ஒரு தொகை அறிவிக்கப்படுகிறது. அச்சங்குளத்தில் மாநில அரசு 3 லட்சம் ரூபாயும் மைய அரசு 2 லட்சம் ரூபாயும் அறிவித்தன. சின்னக்காமன்பட்டிக்கு மாநில அரசு அறிவித்தது 4 லட்சம். போர்மேனும் மேலாளரும் கைதாகின்றனர். ஆய்வுக்குழு அமைக்கப்படுகிறது. அக்குழு கண்டது என்ன என்பதை இறந்தவரின் வீட்டார் அறிவதில்லை; நாமும் அறிவதில்லை.

அரசு இரங்குவதையும் உதவுவதையும் நாம் குறைகூறவில்லை. ஆயின் இரங்கித் தருவது வேறு, கடன்பட்டோர் கொடுத்துத் தீர்ப்பது வேறு. முன்னதன் பெயர் நிவாரணம்; பின்னதன் பெயர் இழப்பீடு. தமிழ்நாட்டுப் பொதுவாழ்வில் இவ்விரு சொற்களும் ஒன்றாகக் குழம்பிவிட்டன. 4 லட்சம் அறிவிக்கப்பட்டது என்ற செய்தியைப் படித்தவுடன், அக்குடும்பத்துக்கு உரியது கிடைத்துவிட்டது என்று நாடு அமைதி கொள்கிறது. உண்மையில் அத்தொகை வரி செலுத்திய மக்களின் பணம். ஆலையை நடத்திப் பொருள் ஈட்டியவர் அதில் ஒரு காசும் தரவில்லை. தனியொருவர் பட்ட கடனை ஊரார் கூடித் தீர்த்துவைக்கின்றனர். கடன்பட்டவரோ மறுமாதம் வேறொரு பெயரில் உரிமம் தேடுகிறார்.

சாவுக்கு விலை பேசுவது போல் தோன்றுவதால் எழுதக் கை கூசுகிறது. ஆயினும் கணக்குப் பாராமையே ஏழையின் சாவை மலிவாக்கியுள்ளது. ஆதலின் கணக்கிட்டே பார்ப்போம்.

முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். கணவனுக்கு மழை பெய்தால் காட்டுவேலை உண்டு, இல்லையேல் இல்லை. ஆலையில் அவளுக்குக் கிடைப்பது மாதத்துக்கு ஏறத்தாழ 12,000 ரூபாய் என்று கொள்வோம். கூலி ஒரு காசு உயராவிட்டாலும், அறுபது வயது வரை அவள் உழைத்திருந்தால் ஈட்டியிருப்பது 36 லட்சம் ரூபாய். இறந்தோருக்கான இழப்பீட்டைக் கணிக்க 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு வாய்பாடு தந்தது: மாதக் கூலியில் பாதியை, வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு அந்த எண் 197.06. ஆகவே அவள் குடும்பத்துக்கு ஆலை உரிமையாளர் தந்தாக வேண்டியது 11,82,360 ரூபாய். சட்டமே இழப்பின் மூன்றில் ஒரு பங்களவைத்தான் ஒப்புக்கொள்கிறது. அந்த மூன்றில் ஒரு பங்கும் பெரும்பாலான வீடுகளுக்கு முழுமையாக வந்து சேர்வதில்லை என்பதே நம் துயரம்.

இவை காசாக எண்ணத்தக்கவை. எண்ணத்தகாதவையும் உண்டு. காலை நான்கு மணிக்கு எழுந்து குடத்துடன் குழாயடிக்குப் போனவள் அவள். கஞ்சி காய்ச்சிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு மருந்து எடுத்துவைத்து, அதன் பின்னரே ஆலை வண்டி ஏறினாள். அவ்வேலைகளுக்குக் கூலி இல்லை. எனவே எவ்வாய்பாட்டிலும் அவை ஏறுவதில்லை. அவள் போனபின் குடத்தை எடுப்பது மூத்த மகள். எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ அவள் பெயர் வருகைப்பதிவிலிருந்து மெல்ல நழுவுகிறது. மகளிர் குழுவில் வாங்கிய கடனின் தவணை வாரந்தோறும் வந்து வாசலில் நிற்கிறது. அடகுக்கடையில் இருந்த கம்மல் மீளாமலே போகிறது. பதினெட்டு நிறைந்ததும் நிறையாததுமாக அப்பெண்ணுக்கு மணம் பேசப்படுகிறது. அல்லது அவளும் அதே வண்டியில், அதே ஆலைக்கோ அடுத்த ஆலைக்கோ ஏறுகிறாள். ஒரு நொடியில் நேர்ந்த சாவின் செலவு இருபது ஆண்டு தவணையில் இப்படிக் கட்டப்படுகிறது. கட்டுவோர் குழந்தைகள்.

செலவு அவ்வீட்டோடும் நிற்பதில்லை. தீயணைப்பு வண்டிகள், 108 ஊர்திகள், சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு, அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, அங்கே வாரக்கணக்கில் மாற்ற வேண்டிய கட்டுகள், இவற்றுக்கெல்லாம் பணம் பொதுக்கருவூலத்திலிருந்து வருகிறது. ஓர் ஆலை வெடித்தால் ஆய்வுக்கு அஞ்சிச் சுற்றிலுமுள்ள ஆலைகள் கதவடைக்கின்றன. ஆயிரக்கணக்கானோர் அவ்வாரக் கூலியை இழக்கின்றனர். வேலையிடத்து நேர்ச்சிகளாலும் நோய்களாலும் உலகப் பொருளாக்கத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடு ஆண்டுதோறும் அழிகிறது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. அந்த 4 விழுக்காட்டை யார் தோளில் ஏற்றுவது என்பதே எந்நாட்டிலும் உள்ள கேள்வி. இங்கே அது தாங்கமாட்டாத தோள்களில் ஏற்றப்பட்டுள்ளது.

சுமை இவ்வாறு தோள் மாறும் இடத்தை வாசகர் கண்டதில்லை. மருத்துவமனையின் பின்புறம், சவக்கிடங்கின் முன் உள்ள வேப்பமரத்தடியே அவ்விடம். உடற்கூறாய்வு முடியும்வரை உறவினர் தரையில் அமர்ந்திருக்கின்றனர். உரிய தொகை தந்தால்தான் உடலை வாங்குவோம் என்கின்றனர். வட்டாட்சியர் வருகிறார், காவல் அதிகாரி வருகிறார், ஆலைத் தரப்பில் ஒருவர் வருகிறார். ஈமச்செலவுக்கு இவ்வளவு ரொக்கம், மீதிக்கு இவ்வளவு காசோலை என்று பேசி முடிக்கப்படுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதியவரின் பெருவிரல் ஒரு தாளில் அழுத்தப்படுகிறது. வெயில் ஏறுகிறது, உடல் தாங்காது என்று பெரியவர்கள் அவசரப்படுத்துகின்றனர். அழுகைக்கும் அவசரத்துக்கும் நடுவே, அக்குடும்பத்தின் வாழ்நாள் உரிமை முடித்துவைக்கப்படுகிறது.

நூறாண்டுக்கு முன் சட்டம் இயற்றியோர் இந்த வேப்பமரத்தடியை எதிர்நோக்கியிருந்தனர் என்பது வியப்பூட்டும் செய்தி. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, உயிரிழப்புக்கான தொகையை இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்த வேண்டும் என்றும், குடும்பத்தாரிடம் நேரே கொடுப்பது இழப்பீடு ஆகாது என்றும் விதித்தது. துயரத்தின் உச்சியில் இருப்போரிடம் பேரம் பேசி அற்பத் தொகையில் கணக்கு முடிப்பதைத் தடுப்பதே அதன் கருத்து. ஒரு மாதத்துள் செலுத்தாவிடில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி. தக்க காரணமின்றித் தாழ்த்தினால் தொகையில் பாதிவரை தண்டம். இறந்தவரின் கவனக்குறைவே காரணம் என்று முதலாளி வாதிட்டுத் தப்பவும் வழியில்லை. உயிர் போன வழக்குகளில் அவ்வெதிர்வாதம் செல்லாது எனச் சட்டமே தெளிவாக்கியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் ஆணையருக்குப் பதிலாகத் தகுதியுடைய அதிகாரியை அமர்த்தி இந்நெறியைத் தொடர்கிறது.

ஆகவே சட்டம் இல்லை என்று எவரும் சொல்லற்க. அந்தச் சட்டம் பிறந்த காலத்தை ஒட்டியே, 1920களின் தொடக்கத்தில், அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். மழை பொய்த்த மண்ணுக்குப் பிழைப்பு கொண்டுவந்த அவ்விருவரின் முயற்சி என்றும் போற்றற்குரியது. தொழிலும் இழப்பீட்டுச் சட்டமும் ஏறத்தாழ ஒரே வயதின. தொழில் ஊர் ஊராய்ப் பரந்தது. சட்டம் புத்தகத்தில் தங்கிவிட்டது.

எங்கே தடைபடுகிறது? முதல் தடை பதிவேடு. இறந்தவர் அந்த ஆலையின் தொழிலாளி என்று மெய்ப்பித்தால்தான் இழப்பீடு உண்டு. தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டமாகிய ஈ.எஸ்.ஐ.யில் பெயர் இருந்தால், பதிவான கூலியில் 90 விழுக்காட்டைச் சார்ந்தோர்க்கு மாதந்தோறும் பங்கிட்டு வழங்கும் உயர்ந்த ஏற்பாடு உண்டு. ஒரு தாயின் கூலி அவள் இறந்தபின்னும் பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருக்கும். ஆனால் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையின் அறைகளைப் பங்குபோட்டுப் பலருக்கு உள்குத்தகை விட்டிருக்கும் இடத்தில், யாருடைய பதிவேட்டில் யார் பெயர் இருக்கும்? அச்சங்குளத்து ஆலை அவ்வாறு பலர் கைக்குப் போயிருந்தது என்பது அன்றே வெளிவந்தது. வெடித்தபின் உரிமையாளர் குத்தகைதாரரைக் காட்டுகிறார். குத்தகைதாரர் போர்மேனைக் காட்டுகிறார். இறந்தவளைக் காட்டும் ஏடு எதுவும் இல்லை.

உள்குத்தகையே சாவையும் வருவிக்கிறது. வெடிமருந்து கையாளும் ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தல் கூடாது. அறைக்கும் அறைக்கும் உரிய இடைவெளி வேண்டும். கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும். இரும்புக் கருவி உள்ளே வரலாகாது. இவை நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெற்ற எந்த ஆலையிலும் சுவரில் எழுதியிருப்பவை. ஒரு பருவத்துக்கு மட்டும் நான்கு அறைகளைக் குத்தகைக்கு எடுத்தவனுக்கு அந்த ஆலையின் நாளை பற்றிய கவலை இல்லை. தீபாவளிக்குள் போட்ட முதலை எடுத்தாக வேண்டும். எனவே நால்வர் அறையில் பத்துப்பேர் அமர்கின்றனர். இடம் போதாமல் மரத்தடியில் மணிமருந்து காய்கிறது. அலுமினியத் தூள் சேர்ந்த கலவை ஈரம்பட்டால் தானே சூடேறும் என்பதை அறிந்தும், மிஞ்சிய மருந்து மறுநாளுக்கு வைக்கப்படுகிறது. மறுநாள் காலை அறையைத் திறப்பவள் அந்தச் சூட்டின் முன் போய் நிற்கிறாள்.

இங்கேதான் செலவும் சாவும் ஒன்றோடொன்று பிணைகின்றன. நால்வர் விதியைக் காப்பதற்குச் செலவு உண்டு. மீறுவதற்குச் செலவு இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், மீறலால் உயிர் போனால் விதிக்க வேண்டிய குறைந்த அளவு தண்டமாக, 1987 திருத்தத்துக்குப் பின், 25,000 ரூபாயைக் குறித்தது. முப்பதாண்டுக்கு மேலாக அத்தொகை அசையவில்லை.  2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதனை 5 லட்சமாக உயர்த்தியதையும், தண்டத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை இறந்தவரின் வாரிசுகளுக்கு வழங்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்றதையும் நாம் வரவேற்கிறோம். ஆயின் தண்டனை வாங்கித் தருவதற்கு முதலில் வழக்கு முடிய வேண்டும். சாட்சிகள் அதே ஆலைப் பகுதியில் கூலிக்குச் செல்வோர்; ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் நினைவு மங்குகிறது, மங்கவைக்கப்படுகிறது.

நீதிமன்றங்கள் வழி காட்டாமல் இல்லை. தில்லி ஓலியம் வாயுக்கசிவு வழக்கில் 1986இல் தலைமை நீதியரசர் பகவதி தலைமையிலான அமர்வு, தீங்கு விளைக்கத்தக்க தொழிலை நடத்துவோர் எக்காரணம் கூறியும் பொறுப்பினின்று விலக முடியாது என்றும், நிறுவனத்தின் பொருள்வலிமைக்கு ஏற்ப இழப்பீடும் பெருக வேண்டும் என்றும் நிலைநாட்டியது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளைப் பற்றிய வழக்கில் 1990இல் உச்சநீதிமன்றம், தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்து அதன் கட்டணத்தை முதலாளியே செலுத்த வேண்டும் என்றது. அச்சங்குளத்துக்குப் பின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என வகுத்தது. நிவாரணமாக வந்த தொகையோடு இதை ஒப்பிட்டால், கருணைக்கும் கடனுக்கும் உள்ள தொலைவு விளங்கும்.

பட்டாசு வெடிப்பில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் உயர்கல்விச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் அதற்கென நிதியமும் அமைந்தது. நெஞ்சார வாழ்த்துகிறோம். அரசு அங்கே நின்றுவிடலாகாது. அந்நிதியத்துக்குப் பொருள் எங்கிருந்து வர வேண்டும்? விற்பனையாகும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிறு தொகையை ஆலைகளிடம் பெற்று நிரப்பலாம். விதி மீறிய ஆலையிடம் பன்மடங்காகப் பெறலாம். அரசு முன்னதாகக் கொடுக்கும் நிவாரணத் தொகையையும், நிலவரிப் பாக்கியை வசூலிக்கும் அதே கடுமையோடு ஆலை உரிமையாளரிடம் மீட்கலாம். பசித்த வீட்டுக்கு அரசு உடனே கொடுப்பது அறம். கொடுத்ததை உரியவரிடம் கேளாமல் விடுவது அறமாகாது.

இச்சுமையை ஏற்றினால் தொழில் அழியும் என்பர் சிலர். சரவெடிக்கும் பேரியத்துக்கும் உச்சநீதிமன்றம் 2018இல் தடை விதித்தபின் ஆலைகள் இடர்ப்படுகின்றன என்பது உண்மை. பல்லாயிரம் குடும்பங்கள் இத்தொழிலையே நம்பியுள்ளன என்பதும் உண்மை. நாம் இத்தொழில் மூடப்பட வேண்டும் என்று கேட்கவில்லை. விதிப்படி நால்வரை அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஈ.எஸ்.ஐ. கட்டி, அன்றைய மருந்தை அன்றே தீர்த்து ஆலை நடத்தும் உரிமையாளர்கள் சிவகாசியில் உளர். அவர்களுடைய பெட்டியைவிட உள்குத்தகைக்காரனின் பெட்டி சந்தையில் மலிவாக விற்கிறது. அந்த மலிவு எங்கிருந்து வந்தது? பெண்ணொருத்தியின் காப்பீட்டில், அவள் அமர வேண்டிய இடத்தில், அவள் பிள்ளைகளின் பள்ளிப்படிப்பில் பிடித்த காசு அது. சாவின் முழுச்செலவையும் உரியவன் தலையில் வைத்தால் அழிவது அந்த மலிவுதான். நேர்மையாளரின் தொழில் தழைக்கும்.

வருவாய்த்துறை, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, தீயணைப்புத்துறை, காவல்துறை என்று ஐந்து வாயில்கள் ஒவ்வோர் ஆலைக்கும். ஐந்தும் திறந்தே கிடக்கின்றன. காலையில் வேலை தொடங்குமுன் அன்று உள்ளே இருப்போர் பெயர்ப்பட்டியல் வாயிற்பலகையில் எழுதப்பட வேண்டும். அதன் படி ஒன்று ஆலைக்கு வெளியே ஓர் அரசு அலுவலரிடம் இருக்க வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. இதைச் செய்திருந்தால், இறந்தவள் எங்கள் ஆளே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஆய்வுக்குழுக்களின் அறிக்கைகள் தமிழில் அச்சிடப்பட்டு ஊராட்சி அலுவலகத்தில் வைக்கப்பட வேண்டும். தன் தாய் ஏன் இறந்தாள் என்று ஒரு மகள் படித்தறியும் உரிமையை மறுக்க எவருக்கும் உரிமை இல்லை.

இழப்பீட்டு அதிகாரிகளுக்கு நாம் தனியே ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். மனு வரட்டும் என்று காத்திராதீர்கள். வாரிசுச் சான்றும் உடற்கூறாய்வு அறிக்கையும் முதல் தகவல் அறிக்கையின் நகலும் கூலிச் சான்றும் தேடி, நாட்கூலியை இழந்து, அலுவலகம் அலுவலகமாய் ஏறி இறங்கும் வலு அந்த வீடுகளுக்கு இல்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஏ பிரிவைப் புரட்டிப் பாருங்கள். தொழிலாளி ஒருவர் வேலையிடத்தில் இறந்தார் என்ற தகவல் எவ்வழியில் கிடைத்தாலும், ஆணையர் தாமே முதலாளிக்கு அறிவிப்பு அனுப்பி, முப்பது நாளில் விளக்கம் கேட்கலாம் என்று அது சொன்னது. எவ்வழியில் என்றால் நாளேட்டின் வழியும் அதில் அடங்கும். முதலிப்பட்டி முதல் சின்னக்காமன்பட்டி வரை ஒவ்வொரு வெடிப்பும் நாளேடுகளில் ஊர், நாள், எண்ணிக்கையோடு அச்சாகியிருக்கிறது.